போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒழுங்காகத் தெரியும் விளம்பர மெயில்: நம் கடற்கரை வியாபாரிகள் கேட்ட கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சின்னக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் விளம்பர மெயில் வடிவமைத்துக் கொடுக்கிறேன். ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துபவர்கள், கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி வெளியூருக்கு அனுப்புபவர்கள், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரிகள், குண்டு மிளகாய் மொத்தக் கடைக்காரர்கள், ஓலைக்கொட்டான் முடையும் மகளிர் குழுக்கள் என்று பலரும் வருகிறார்கள். சரக்கு வேறு வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்டது கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. விடுதியில் தங்க வருபவர் மெயிலைப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் படிக்கிறார். மிளகாய் வாங்கும் மசாலா கம்பெனியின் கொள்முதல் அதிகாரி அலுவலகக் கம்ப்யூட்டரில் படிக்கிறார். இரண்டு இடத்திலும் சேதி போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதற்காகத்தான்.

எல்லாரும் வாட்ஸ்அப்ல இருக்காங்க. மெயில் எதுக்கு அண்ணே?

வாட்ஸ்அப் உங்களை ஏற்கெனவே தெரிந்தவருக்கு நல்லது. ஆனால் போன தை அமாவாசைக்கு அறை பதிவு செய்தவர் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. பதிவு செய்தபோது கொடுத்த மெயில் முகவரி உங்களிடம் இருக்கிறது. மொத்தமாகச் சரக்கு எடுக்கும் கம்பெனிகளோ விலைப்புள்ளியை மெயிலில்தான் கேட்கின்றன. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலுக்குள்ளேயே வாட்ஸ்அப் இணைப்பும் வைக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

போஸ்டர் அழகா டிசைன் பண்ணி வச்சிருக்கேன். அதையே மெயில்ல போட்டு அனுப்பிட்டா என்ன?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்கு என் பதில் எப்போதும் ‘வேண்டாம்’. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் போஸ்டர் 1080 பிக்சல் அகலம். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் மெயில் விரியும் அகலம் சுமார் 360 பிக்சல். போஸ்டர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அதில் 30 அளவில் எழுதிய வாடகை விவரம் 10 அளவுக்கு வந்துவிடும். கண்ணாடி போட்டவரும் விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும்.

சுருங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் அவுட்லுக் என்ற மெயில் செயலி வைத்திருப்பவருக்குப் படங்கள் தானாக இறங்காது, அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் வரும். அதுவரை அவர் முன்னால் வெற்றுப் பெட்டிதான் நிற்கும். போஸ்டருக்குள் இருக்கும் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. ஒரு மாதம் கழித்து ‘கருப்பட்டி’ என்று மெயில்பெட்டியில் தேடினால் உங்கள் மெயில் கிடைக்காது, ஏனென்றால் படத்துக்குள் இருப்பது தேடலில் அகப்படாது. பார்வையற்றவர்களுக்கு மெயிலை வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது வெறும் படம்.

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதிக்காரர் ஆடி அமாவாசைக்கு இப்படி ஒரு போஸ்டர் அனுப்பினார். கோபுரம், கடல், தீர்த்தம் என்று படம் பிரமாதமாக இருந்தது. வாடகை மட்டும் அடியில் ஒரு மூலையில் இருந்தது. அன்று வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ‘வாடகை எவ்வளவு?’ என்று கேட்டுத்தான். அடுத்த முறை அதே கோபுரப் படத்தை மேலே சின்னதாக வைத்து, அறை வகை, வாடகை, தேதி, தொலைபேசி நான்கையும் எழுத்தாகவே தட்டச்சு செய்தோம். அப்புறம் வந்த அழைப்புகள் அறை கேட்டு வந்தன. படம் இருக்கட்டும். ஆனால் விலை, தேதி, இடம், எண் நான்கும் எழுத்தாக இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மெயில் எத்தனை அகலம் இருக்கணும்?

கம்ப்யூட்டரில் அதிகபட்சம் 600 பிக்சல். போனில் திரையின் முழு அகலம். மெயில் செயலிகளில் பக்கவாட்டில் கோப்புறைகள் இருப்பதால் நடுவில் மெயிலுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. அதனால்தான் 600 என்பது பல வருடமாக வழக்கத்தில் இருக்கிறது. 640 வரை போனாலும் தப்பில்லை. 900, 1000 என்று போனால் வலப்பக்கம் வெட்டுப்படும்.

ரெஸ்பான்சிவ்னு சொல்றாங்களே, அது என்ன? அது இருந்தா எல்லாம் சரியாயிடுமா?

திரையின் அகலத்தைப் பார்த்து மெயில் தன்னை மாற்றிக்கொள்வதுதான் ரெஸ்பான்சிவ். ‘திரை 480 பிக்சலுக்குக் கீழே இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கு, பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு பத்தியை ஒன்றாக்கு’ என்பது போன்ற கட்டளைகளை மெயிலை உருவாக்கும் நிரலின் தலைப்பகுதியில் எழுதுவோம். இவற்றுக்கு மீடியா குவெரி என்று பெயர். ஆப்பிள் மெயில் இவற்றை நன்றாகவே மதிக்கும். ஜிமெயில் 2016ல்தான் மதிக்கத் தொடங்கியது.

ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஜிமெயில் செயலியில் வேறு நிறுவனத்தின் மெயில் முகவரியைச் சேர்த்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தலைப்பகுதிக் கட்டளைகள் வேலை செய்யாது. அதனால் கட்டளை இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும்படி அடிப்படை வடிவத்தைப் போட வேண்டும். அகலத்தை 100 சதவீதம் என்று வைத்து, உச்சவரம்பு 600 என்று கட்டுங்கள். ஒரே பத்தியாக மேலிருந்து கீழே ஓடவிடுங்கள். இதற்கு மேல் மீடியா குவெரி வேலை செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை.

கம்ப்யூட்டர்ல ரெண்டு பத்தியா இருந்தாத்தானே எடுப்பா இருக்கும்?

இருக்கும். போனில்தான் சிக்கல். 360 பிக்சலை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 180. அதில் ஓரத்து இடைவெளி போக மிஞ்சும் இடத்தில் ‘ஓலைக்கொட்டான்’, ‘பனங்கற்கண்டு’ போன்ற சொற்கள் வரிக்கு ஒன்றாக நிற்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான அகலம் தமிழுக்குப் போதாது. நம் சொற்களும் நீளம், எழுத்துகளும் அகலம்.

இரண்டு பத்தி வேண்டும் என்றே இருந்தால், இடம் இல்லாதபோது வலப்பக்கக் கட்டம் தானாகக் கீழே இறங்கும்படி அமைக்கலாம். அப்போது வரிசையைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரில் அழகுக்காக முதல் வரியில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து என்றும், அடுத்த வரியில் இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம் என்றும் மாற்றி மாற்றி வைப்பார்கள். போனில் இடம் முதலில், வலம் பிறகு என்று இறங்கும். படம், எழுத்து, எழுத்து, படம் என்று ஆகிவிடும். நெத்திலிக் கருவாட்டின் விலைக்குக் கீழே வஞ்சிரத்தின் விலை, அதற்கும் கீழே வஞ்சிரத்தின் படம். எந்த விலை எந்தச் சரக்குக்கு என்று வாங்குபவர் குழம்பிவிடுவார். எல்லா வரியிலும் படம் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம் என்றே வைத்துவிடுங்கள்.

எங்க வாப்பா வெளிநாட்டுல இருந்து படிக்கிறாங்க. எழுத்து பொடியா இருக்குன்னு சொல்றாங்க. என்ன சைஸ் வைக்கலாம்?

உடல் எழுத்து 16 பிக்சல், தலைப்பு 22 முதல் 26 வரை. ஆங்கிலத்தில் 14 போதும் என்பார்கள். தமிழில் சுழிகளும் கொம்புகளும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தலைப்பை 32க்கு மேல் கொண்டுபோனால் ‘வாடிக்கையாளர்களுக்கு’ என்ற ஒரு சொல்லே போன் திரையைத் தாண்டிவிடும்.

வரிகளுக்கு நடுவில் எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்காவது இடம் விடுங்கள். நான் 1.6 வைக்கிறேன். ‘கீ’யின் சுழி மேலே போகிறது, ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது. நெருக்கமான வரிகளில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டும். வரிகளை இருபக்கமும் சமமாக இழுத்து அமைப்பதும் வேண்டாம், போன் அகலத்தில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் சாய்வெழுத்தும் தமிழில் நன்றாக அமைவதில்லை. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

நிறமும் இதில் சேரும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வீட்டுக்குள் நாகரிகமாகத் தெரியும். அதையே தனுஷ்கோடி மணலில் நண்பகல் வெயிலில் நின்று படித்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவரும் படிக்கும்படி இணையப் பக்கம் அமைக்கச் சொல்லும் சர்வதேச வழிகாட்டியின் (WCAG) அளவு. கறுப்புக்குப் பக்கமாகவே எழுத்தை வைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

நான் அனுப்பின தமிழ் அங்க போய் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா வருது. ஏன்?

நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டியிருப்பீர்கள். நம் ஊர் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்னும் இந்த எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது.

எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லையே கிடையாது. போனில் அடிக்கும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான். பழைய நோட்டீஸை மெயிலில் பயன்படுத்த வேண்டுமானால் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுவதும் வாசித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும். மெயிலின் குறியாக்கம், அதாவது எழுத்தைச் சேமிக்கும் முறை, யூடிஎப்-8 என்று இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, யூனிகோடுதான் போடுறேன். ஆனா எங்க கடை போர்டுல இருக்கிற அதே அழகான எழுத்துரு மெயில்ல வரணுமே?

வெளியிலிருந்து எழுத்துருவை இறக்கிக் காட்டுவதை ஆப்பிள் மெயில் ஏற்கும். ஜிமெயிலில் அது நடக்காது. அங்கே கருவியில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதுதான் வரும். ஆண்ட்ராய்டில் பொதுவாக நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம், விண்டோஸில் நிர்மலா அல்லது லதா. மூன்றும் படிக்க நல்ல எழுத்துகளே. அவற்றின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே ஒரு சொல் சரியாக ஒரு வரியில் அடங்க வேண்டும் என்று நூல் பிடித்து அளந்து வடிவமைக்காதீர்கள். கடை போர்டு எழுத்தை லோகோ படத்தில் மட்டும் வையுங்கள்.

போன்ல அருமையா இருக்கு. கம்பெனிக்காரர் கம்ப்யூட்டர்ல பார்த்தா மட்டும் கோணல் மாணலா வருதாம்!

அவர் வைத்திருப்பது விண்டோஸில் ஓடும் பழைய வகை அவுட்லுக்காக இருக்கும். 2007 முதல் வந்த அவுட்லுக் செயலிகள் மெயிலை ப்ரவுசர் போல வரையாமல் வேர்டு ஆவணம் போல வரைகின்றன. இப்போது வரும் புதிய அவுட்லுக் அப்படி இல்லை. ஆனால் அலுவலகங்களில் பழையது இன்னும் நிறைய ஓடுகிறது. குண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லி வெளியூர்க் கம்பெனிகளுக்கு மெயில் போடும் நம் வியாபாரிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய அவுட்லுக்கில் பொத்தானின் வளைந்த மூலை கூர்மையாகிவிடும், அது பரவாயில்லை. பின்னணிப் படம் வராது. ஆகவே கடல் படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் அங்கே வெள்ளையின்மேல் வெள்ளைதான் நிற்கும். பின்னணிப் படம் வைத்தாலும் அதற்கு அடியில் ஒரு அடர்ந்த நிறத்தையும் கொடுத்துவிடுங்கள். உச்சவரம்பு அகலம் என்ற கட்டளையும் அதற்குப் புரியாது. படத்துக்கு அகலத்தை நேரடியாக எண்ணாகக் கொடுக்காவிட்டால் 1200 பிக்சல் படம் 1200 ஆகவே விரிந்து மெயிலையே பிளந்துவிடும். கோணல் மாணல் என்று வரும் புகாரில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அமைப்பை அட்டவணைகளால் கட்டுவதுதான் இங்கே வழி. இணையதளம் செய்யும் தம்பிகள் ‘இது பழைய முறை அண்ணே’ என்பார்கள். இணையதளத்தில் பழசுதான். மெயிலில் இன்னும் அதுதான் நிற்கிறது.

படம் எவ்வளவு பெரிசா போடலாம்? எங்க பக்கம் சிக்னல் சரியா வராது.

காட்டும் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. 600க்கு 1200 பிக்சலில் சேமித்து, அகலம் 600 என்று எண் கொடுங்கள். இப்போதைய போன் திரைகளில் அப்போதுதான் தெளிவாக இருக்கும். புகைப்படம் என்றால் ஜேபெக், லோகோ என்றால் பிஎன்ஜி. எஸ்விஜி வேண்டாம், ஜிமெயில் காட்டாது.

மொத்தப் படங்களும் சேர்ந்து 500 கேபிக்குள் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். இது விதியல்ல, நான் வைத்துக்கொண்ட அளவு. ரயிலில் பாம்பன் பாலம் கடந்துகொண்டே உங்கள் மெயிலைத் திறக்கும் பயணியை நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் எடுத்த 5 எம்பி படம் அவருக்கு இறங்கி முடிவதற்குள் அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார்.

படம் வராத இடத்துல வெறும் பெட்டியா நிக்குதே, அதுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுவரி என்று ஒன்று எழுத வேண்டும். படம் வராதபோது அந்த இடத்தில் அந்த வரி தெரியும். ‘படம் 1’, ‘பேனர்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘பனையோலைக் கொட்டானில் அடைத்த கருப்பட்டி, 1 கிலோ’ என்று எழுதினால் படம் இல்லாமலே சேதி போய்விடும். வாசித்துக் காட்டும் செயலியும் இதைத்தான் வாசிக்கும். வெறும் அலங்காரக் கோடு, பூ போன்றவற்றுக்கு மாற்றுவரியைக் காலியாக விடுங்கள்.

பட்டன் எப்படி வைக்கிறது? தொட்டா வேற எதுவோ திறக்குதுன்னு சொல்றாங்க.

விரலுக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். தொடும் இடம் குறைந்தது 44க்கு 44 புள்ளிகள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது, கூகுள் 48 என்கிறது. இரண்டு இணைப்புகளை அடுத்தடுத்து ஒட்டி வைக்காதீர்கள். பொத்தானைப் படமாகச் செய்யாமல், நிறம் பூசிய கட்டத்துக்குள் எழுத்தாக வையுங்கள். காரணம் போஸ்டர் கேள்வியில் சொன்னதுதான்.

போனில் ஒற்றைக் கையால் பிடித்திருப்பவருக்கு நடுவில் முழு அகலத்துக்கு ஒரு பொத்தான் வசதி. ஒரு மெயிலுக்கு ஒரு முக்கியப் பொத்தான் போதும். தொலைபேசி எண்ணை அழைப்பு இணைப்பாகவும், பக்கத்தில் ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ என்று இன்னொரு இணைப்பாகவும் கொடுக்கலாம். எண்ணுக்கு முன்னால் அழைப்பு இணைப்பில் +91 என்றும், வாட்ஸ்அப் இணைப்பில் 91 என்றும் சேர்க்க மறக்காதீர்கள். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தொடுபவர்களுக்கு அது இல்லாமல் போகாது.

ராத்திரியில மெயில் கறுப்பா மாறிடுது, எங்க லோகோவே காணாம போயிடுது.

அது டார்க் மோடு. சில செயலிகள் மெயிலை அப்படியே விட்டுவிடும், சில வெளிர் பின்னணியை மட்டும் கறுப்பாக்கும், சில எல்லா நிறத்தையும் தலைகீழாக்கும். ஆப்பிள் மெயில் போன்ற சிலவற்றில்தான் ஓரளவு நம் விருப்பத்தைச் சொல்ல முடியும். மற்ற இடத்தில் செயலி வைத்ததுதான்.

பின்னணி இல்லாத பிஎன்ஜியில் கறுப்பு எழுத்து லோகோ இருந்தால் கறுப்பில் கறுப்பாக மறைந்துவிடும். லோகோ எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு கொடுங்கள். வெளிச்சத்தில் அது தெரியாது, இருட்டில் லோகோவைக் காப்பாற்றும். அல்லது லோகோவை அதன் சொந்த நிறப் பட்டையோடு சேர்த்தே படமாக்கிவிடலாம். ‘சிவப்பில் உள்ளவை தள்ளுபடி’ என்று நிறத்தை நம்பி எழுதாதீர்கள், இருட்டில் அந்தச் சிவப்பு என்னவாகும் என்று உங்கள் கையில் இல்லை.

மெயில் பாதியிலேயே நின்னு ‘முழுசா பார்க்க’ன்னு ஒரு வரி வருது. கடைசியில இருக்கிற போன் நம்பர் யாருக்கும் தெரியல.

மெயிலின் நிரல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். படங்களின் எடை இதில் சேராது, எழுத்தும் அமைப்பும் மட்டும்தான். இதில் தமிழுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்று 1 பைட். ‘க’ என்ற எழுத்து யூடிஎப்-8ல் 3 பைட், ‘கோ’ என்றால் 6. சில மெயில் தயாரிக்கும் கருவிகள் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எண் குறியீடாக மாற்றிச் சேமிக்கின்றன. அப்போது ‘க’வுக்கே 7 பைட் ஆகிவிடும். ஆங்கிலத்தில் இடிக்காத மெயில் தமிழில் இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேர்டில் எழுதி அப்படியே ஒட்டுவது இன்னொரு காரணம். கண்ணுக்குத் தெரியாத குப்பை நிரலும் சேர்ந்து வரும். முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து மெயிலில் ஒட்டுங்கள். எழுத்தைக் குறைப்பதுதான் நல்ல வழி. எண்ணையும் விலையையும் அடிக்குத் தள்ளாமல் மேலேயே சொல்லிவிட்டால் வெட்டினாலும் சேதி தங்கும்.

தலைப்பு வரி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

போனில் ஆங்கிலத்தில் 30 முதல் 40 எழுத்துதான் தெரியும், தமிழில் அதைவிடக் குறைவு. ஆகவே முதல் மூன்று சொல்லில் விஷயம் வந்துவிட வேண்டும். ‘எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி’ என்று தொடங்கினால் போனில் ‘எங்கள் அன்பான’ வரைதான். ‘நெத்திலிக் கருவாடு: தடைக்காலத்துக்கு முன்’ என்றால் புரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது நம் வாடிக்கையாளருக்கும் தெரியும், அவசரமும் அதிலேயே வந்துவிடுகிறது.

தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு வரி தெரியும். மெயிலின் முதல் எழுத்துகள் அங்கே போய் உட்காரும். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் ‘இந்த மெயில் தெரியவில்லையா? இங்கே தொடவும்’ என்பது போல ஏதாவது வந்து இடத்தை வீணாக்கும். அங்கே விலையையோ தேதியையோ வைக்கலாம்.

வீடியோ, ஆர்டர் ஃபார்ம் எல்லாம் மெயிலுக்குள்ளயே வைக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான செயலிகளில் ஓடாது. வீடியோவின் ஒரு படத்தை வைத்து இணைப்புக் கொடுங்கள், ஆர்டருக்குப் பொத்தான் போதும். அசையும் ஜிஐஎப் (GIF) படம் வைக்கலாம். பழைய அவுட்லுக் சிலவற்றில் முதல் சட்டம் (ஃப்ரேம்) மட்டுமே நிற்கும் என்பதால் முக்கியமானது அந்த முதல் சட்டத்திலேயே இருக்கட்டும்.

வடநாட்டு யாத்ரீகர்கள் நிறைய பேர் எங்க லாட்ஜுக்கு வர்றாங்க. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூணும் ஒரே மெயில்ல போடலாமா தம்பி?

போடலாம், ஆனால் நான் போடுவதில்லை. மூன்று மொழியையும் அடுக்கினால் போனில் தன் மொழியைத் தேடி மூன்று திரை தள்ள வேண்டியிருக்கும். மெயிலும் நீளும், 102 கேபி பிரச்சினையும் கிட்டே வரும். பதிவு செய்யும்போதே மொழியைக் கேட்டு முகவரிகளைப் பிரித்து வைப்பது நல்லது. வடிவம் ஒன்று, எழுத்து மட்டும் மாறும்.

பிரிக்க வழியே இல்லை என்றால் முதல் திரையிலேயே மூன்று மொழியிலும் ஒவ்வொரு வரி எழுதி, அந்தந்த மொழிப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். எந்தப் பகுதி எந்த மொழி என்று நிரலிலும் குறித்துவிடுங்கள். வாசித்துக் காட்டும் செயலி அப்போதுதான் தமிழைத் தமிழாக உச்சரிக்கும்.

எங்ககிட்ட நாப்பது சரக்கு இருக்கு. விலைப்பட்டியல போன்ல எப்படிக் காட்டுறது?

பெயர், தரம், எடை, சில்லறை விலை, மொத்த விலை என்று ஐந்து பத்தி அட்டவணை கம்ப்யூட்டரில் கச்சிதமாக இருக்கும். போனில் ஒவ்வொரு பத்திக்கும் 70 பிக்சல்தான் கிடைக்கும், எண்கள் இரண்டு வரியாக உடையும். ‘1,250’ என்பது மேல் வரியில் ‘1,’ என்றும் கீழ் வரியில் ‘250’ என்றும் நின்றால் வியாபாரமே தப்பாகப் போய்விடும்.

இரண்டே பத்தி வையுங்கள். இடப்பக்கம் பெயர், அதற்கு அடியில் சின்ன எழுத்தில் தரமும் எடையும். வலப்பக்கம் விலை, உடையாதபடி கட்டி வலம் ஒதுக்கி. நாற்பதையும் மெயிலில் போடாமல் இந்த வாரம் விலை மாறிய எட்டு பத்தை மட்டும் போட்டு, முழுப் பட்டியலுக்கு இணைப்புக் கொடுங்கள். மொத்தமாக வாங்குபவர் அந்த முழுப் பட்டியலை அச்செடுப்பார். அதனால் அங்கே ஐந்து பத்தியும் இருக்கட்டும்.

நல்லா டிசைன் பண்ணியும் ஸ்பாமுக்குப் போகுது. டிசைன்ல குறையா?

ஒற்றைப் பெரிய படமாக அனுப்புவது ஒரு குறைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை மறைநகலில் (பிசிசி) சேர்த்து அனுப்புகிறீர்களா? அதற்கு நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பு உண்டு, அது விளம்பரத்துக்கான வழியும் அல்ல. உங்கள் கடைப் பெயரில் சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, அதற்கு எஸ்பிஎப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் செய்யுங்கள். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு இவைதான் சாட்சி. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரே தொடலில் விலகும் வசதியும் அதோடு வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது.

கேட்காதவருக்கு அனுப்பாதீர்கள். ‘விலக’ என்ற இணைப்பை வெளிர் நிறத்தில் ஒளித்து வைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

எத்தனை பேர் திறந்தாங்கன்னு எண்ணிக்கை வருதே, அதை நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. 2021 செப்டம்பரில் ஐபோனில் வந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, ஆப்பிள் மெயில் யாரும் திறக்காமலே படங்களை முன்கூட்டி இறக்கிவிடுகிறது, கணக்கில் ‘திறந்தார்’ என்று விழுகிறது. பொத்தானைத் தொட்டவர்கள், அழைத்தவர்கள், வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

அனுப்புறதுக்கு முன்னாடி எதுல எல்லாம் பார்க்கணும்?

ஆண்ட்ராய்டு ஜிமெயில், ஐபோன் மெயில், விண்டோஸில் பழைய அவுட்லுக் மூன்றிலும் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொன்றிலும் படங்களை நிறுத்தி ஒரு முறை, டார்க் மோடில் ஒரு முறை, போனின் எழுத்தளவைப் பெரிதாக்கி ஒரு முறை. அவுட்லுக் உங்களிடம் இல்லையென்றால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவருக்கு அனுப்பி, திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். வீட்டில் வயதான ஒருவரிடம் போனைக் கொடுத்து ‘இதில் விலை என்ன போட்டிருக்கு?’ என்று கேட்பதும் என் வழக்கம். அவர் கண்ணாடியைத் தேடினால் எழுத்தளவைக் கூட்டிவிடுவேன்.

வாடிக்கையாளர் என் மெயிலை இன்னொருத்தருக்கு ஃபார்வேர்ட் பண்ணா உடைஞ்சு போகுது. அதுக்கு என்ன செய்ய?

ஃபார்வேர்ட் செய்யும்போது அவருடைய செயலி மெயிலைத் தன் பாணியில் திரும்ப எழுதுகிறது. தலைப்பகுதிக் கட்டளைகள் அதில் போய்விடும். முழுசாகத் தடுக்க முடியாது. அட்டவணையால் கட்டி, நிறத்தையும் அளவையும் ஒவ்வொரு வரிக்குள்ளேயே எழுதியிருந்தால் சேதம் குறையும். மெயில் மேலே ‘ப்ரவுசரில் பார்க்க’ என்று ஒரு சின்ன இணைப்பு இருந்தால் அடுத்தவர் அதைத் தொட்டு ஒழுங்கான வடிவத்தைப் பார்த்துக்கொள்வார். அந்த இணைப்பு, மேலே சொன்ன மங்கலான வரியின் இடத்தைப் பிடித்துவிடாதபடி அதற்குப் பின்னால் வையுங்கள். விலகும் இணைப்பும் ஃபார்வேர்டில் கூடவே போகும். புதியவர் அதைத் தொட்டால் பழைய வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். ஆகவே மெயிலின் அடியில் உள்ள இணைப்பைத் தொட்டால் ‘இந்த முகவரிக்கு நிறுத்தவா?’ என்று முகவரியைக் காட்டிக் கேட்கும் பக்கம் வரும்படி அமைத்துவிடுங்கள்.